எட்டு வருஷம் தலையில் இருந்த பலகை

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். ஏரி லஸ்கர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறோம், பழைய ஆளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம் என்றீர்கள். மோர் குடித்தீர்கள். வாசலில் கதவுக்குப் பதில் கோணி தொங்குவதைப் பார்த்து உங்களில் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு பேச்சுவாக்கில் இரண்டாம் மதகைப் பற்றிச் சொன்னீர்கள். அதன் இரும்புத் தண்டைத் தூக்கினால் தண்ணீர் விடும் வரை ஓர் ஆள் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது, தண்டின் தலையிலுள்ள வளையத்தில் ஒரு சங்கிலியைக் கோத்து மேலே குறுக்குக் கல்லில் மாட்டிவிட்டால் யாரும் பிடிக்க வேண்டாம் என்றீர்கள். நல்ல யோசனை. உங்களில் பிடி நழுவி விரல் நசுங்கிய தம்பி நகம் கறுத்துப்போன கையைக் காட்டினார்.

எப்போது மாட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன். ஓவர்சீயர் வந்ததும் கேட்கலாம் என்று இருக்கிறோம் என்றீர்கள். யோசனை எப்போது தோன்றியது என்று கேட்டேன். ஆடி மாசம் என்றீர்கள். இன்று புரட்டாசி முடியப்போகிறது.

நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கிழவர் ஒப்புக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பீர்கள். ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குக் கோபம் வந்திருந்தது. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வேலையிலிருந்து நின்ற அன்று எனக்கு மாலை போட்டார்கள். சந்தோஷம் என்ற ஒரு வார்த்தையைக்கூடச் சொல்லாமல் மாலையோடு வீட்டுக்கு நடந்து வந்தவன் நான். ஆகையால் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவனுடைய எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோபத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். அது உங்கள் மேல் பாதி, என் மேல் பாதி.

நம் வேலை தெரியாத யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் நாலு வரி விளக்கம். ஏரியின் மதகையும் கரையையும் பார்த்துக்கொள்ளும் சர்க்கார் ஆள்தான் லஸ்கர். ஏரி நிரம்பினால் மிஞ்சிய தண்ணீர் கரையின் ஒரு கோடியிலுள்ள கற்தளத்தின் மேல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அதுதான் கலங்கல். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் ரயில் பாதையை ஒட்டியிருந்த எங்கள் ஏரி சின்னது. அதன் கலங்கலின் மேல் முழங்காலுக்குச் சற்று மேலான உயரத்தில் பத்துக் கற்கள் வரிசையாக நட்டிருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கண் என்போம். ஒன்பது கண். மழைக்காலம் கழிந்ததும் குடியானவர்கள் களிமண்ணும் வைக்கோலும் பனையோலையும் வைத்து அந்தக் கண்களை அடைப்பார்கள். அடைத்தால் ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நிற்கும். மார்கழி பாதி போகும்வரை அடைக்கக் கூடாது என்பது சர்க்கார் விதி. ஐப்பசி கடைசியிலேயே அடைத்துவிடுவது ஊர் வழக்கம். மழை ஏமாற்றிவிடுமோ என்ற பயம்தான் காரணம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. பெரிய மிராசுதார் கற்பூரம் காட்டி முதல் மண் உருண்டையை வைப்பார். பிரிக்கும்போதும் முதல் வெட்டு அவர் கையால்தான். அடைத்த கைதான் பிரிக்க வேண்டும், வேறு கை பட்டால் ஏரி கோபித்துக்கொள்ளும் என்பார்கள். முப்பது வருஷம் அந்த ஏரியின் பக்கத்தில் இருந்தேன். அதற்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

களிமண் அடைப்பில் ஒரு கஷ்டம் உண்டு. பத்து நாளில் அது இறுகிச் சுவராகிவிடும். அதற்குப் பிறகு பெருமழை பிடித்தால் ஓடும் தண்ணீரில் நின்றுகொண்டு கடப்பாரையால் குத்திப் பெயர்க்க வேண்டும். அரை நாள் வேலை. அந்த அரை நாளில் ஏரி பின்பக்கமாக ஏறும். பின்பக்கத்தில், ஏரி உள்வாய் ஓரத்தில், சேரி. பதினெட்டு வீடு.

ஒரு தடவை பூந்தமல்லி சந்தையில் மணல் வண்டி ஒன்றைப் பார்த்தேன். பின்பக்கம் இரண்டு முளைக்கு நடுவில் ஒரு பலகை. உள்ளேயிருக்கும் மணலே பலகையை முளைமேல் அழுத்திப் பிடித்திருந்தது. வண்டிக்காரர் பலகையை மேலே உருவினார். மணல் சரசரவென்று கொட்டியது. எனக்குத் தலையில் பளிச்சென்றது. கலங்கல் கற்களும் முளைகள்தானே? கண்ணைவிடக் கொஞ்சம் நீளமான பலகையை ஏரிப்பக்கமாகச் சாத்தினால் தண்ணீரே அதைக் கல்லோடு அழுத்திக்கொள்ளும். இடுக்கில் மட்டும் கொஞ்சம் மண் அப்பினால் போதும். வேண்டும்போது கயிற்றைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும்.

அன்று சாயங்காலமே வயல் வாய்க்காலில் இரண்டு செங்கல்லை நட்டு, என் மகளுடைய உடைந்த சிலேட்டைச் சாத்திப் பார்த்தேன். நின்றது. நூல் கட்டி இழுத்தேன். வந்தது. மறுபடியும் வைத்தேன். இருட்டும்வரை சின்னப் பிள்ளை மாதிரி அதையே செய்துகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் ஒன்றும் செய்யவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். முதல் வருஷம் ஓவர்சீயரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார், நான் பின்னால் நடப்பேன். வழி முழுக்க வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஏரிக்கரையில் அவர் திரும்பி, "இன்னா, ஏதோ முணுமுணுத்துகினே வர்றே?" என்றார். ஒன்றுமில்லீங்க என்றேன். அடுத்த வருஷம் என்னோடு வேலை பார்த்த மூத்த லஸ்கரிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த புகையிலை கீழே விழுந்தது. "தொரை பட்சிட்டு வந்து கட்டின கலங்கலு. அவுருக்குத் தோணாதது உனக்குத் தோணிடுச்சா? இன்னா, ரெண்டு கொம்பு மொளச்சிகீதா, காட்டு பாக்கலாம்" என்று என் தலையைத் தடவிப் பார்த்தார். நானும் சிரித்தேன். கேலி செய்கிறவனோடு சேர்ந்து சிரித்துவிட்டால் அப்புறம் அந்த விஷயத்தை மறுபடி எடுக்க முடியாது. இதை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிறகு சாக்குகள் தாமாகவே வந்தன. மரத்துக்கு எங்கே போவது? அனுமதி யார் கொடுப்பார்கள்? மிராசுதார் என்ன சொல்வார்? இந்த வருஷம் மழை இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம். அடுத்த வருஷம் மழை அதிகம், வேலை நடுவில் முடியாது. ஒவ்வொன்றும் நியாயமாகவே இருந்தது. யோசனையை விடவில்லை, அதுதான் வேடிக்கை. கலங்கலைத் தாண்டும்போதெல்லாம் மனசுக்குள் பலகையைச் சாத்திப் பார்த்துக்கொள்வேன். கயிறு எந்தப் பக்கம், முடிச்சு எப்படி என்பதுவரை தெரியும். அதில் ஒரு சுகம்கூட இருந்தது. அந்தச் சுகத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

அந்த மூத்த லஸ்கரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம், அவர் இப்போது இல்லை. நான் வேலைக்கு வந்த புதிதில் கோடையில் கடைமடைப் பெண்கள் நாலு பேர் வந்து, நாற்று கருகுகிறது என்று அழுதார்கள். மனசு கேட்காமல் மதகை ஒரு சாண் கூடுதலாகத் திறந்துவிட்டேன். வாய்க்கால் நடுவில் உடைந்து ஒருவருடைய நாற்றங்கால் அடித்துக்கொண்டு போய்விட்டது. என்னை வேலையைவிட்டு நீக்குவதாக இருந்தார்கள். மூத்தவர் ஓவர்சீயர் முன்னால் போய் நின்று, தான்தான் திறக்கச் சொன்னதாகப் பொய் சொல்லி என்னைக் காப்பாற்றினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எழுத்து வந்தா கைய நீட்டு. வராங்காட்டி கைய கட்டிகினு நில்லு. நின்னவன் வேல போனதே கெடயாது" என்றார். எழுத்து என்றால் மேலேயிருந்து எழுதி வரும் உத்தரவு.

என்மேல் உள்ள அன்பில்தான் சொன்னார். ஆனால் நான் கற்றுக்கொண்டது தப்புப் பாடம். அன்று நான் செய்த பிழை கேட்காமல் திறந்ததல்ல. திறப்பதற்கு முன் வாய்க்காலை ஒரு நடை நடந்து பார்க்காததுதான் பிழை. பார்த்திருந்தால் நடுவில் எலி பறித்த கரை கண்ணில் பட்டிருக்கும். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள், கட்டிக்கொண்டேன். சோறு போட்ட வார்த்தை அது. அதே வார்த்தை ஒரு மனுஷனுடைய காலையும் எடுத்தது.

ஐரோப்பாவில் சண்டை ஆரம்பிப்பதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கார்த்திகை. வழக்கம் போல ஐப்பசிக் கடைசியிலேயே கலங்கலை அடைத்துவிட்டார்கள். கற்பூரம் காட்டும்போது நான் அங்கேயேதான் இருந்தேன். மார்கழிக்கு முன் அடைக்கக் கூடாது என்று சொல்வது என் வேலை. சொல்லவில்லை. பிரசாதத் தேங்காயை வாங்கிக்கொண்டேன். மூத்தவர் அதற்கு முன்பே வேலையிலிருந்து நின்றுவிட்டார். சர்க்கார் ஆள் என்று அங்கே நான் ஒருவன்தான்.

மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் விடிந்ததும் சேரியிலிருந்து பொன்னம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தெப்பமாக நனைந்திருந்தாள். தண்ணீர் முதல் வரிசை வீடுகளுக்குள் வந்துவிட்டது, பிள்ளைகளை ரயில் மேட்டில் உட்கார வைத்திருக்கிறோம், கலங்கலைப் பிரிக்கச் சொல்லுங்கள் சாமி என்றாள். நான் குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த மழையில் குடை எதற்கு? கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

கலங்கலில் எனக்கு முன்பே நாற்பது பேர் கூடியிருந்தார்கள். எல்லார் தோளிலும் மண்வெட்டி, கடப்பாரை. ஒருவரும் இறங்கவில்லை. மிராசுதார் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் பட்டணம் போயிருக்கிறார், மத்தியான ரயிலில் வந்துவிடுவார் என்றார்கள். அவருடைய காரியக்காரர் கரைமேல் தாழங்குடையோடு நின்றிருந்தார். "அடைச்ச கை தாம்பா பிரிக்கணும். ஐயா வர்ற வரிக்கும் ஒருத்தன் எறங்கக் கூடாது. ஏரி ஒடச்சிகினு போச்சின்னா எவன் பதில் சொல்றது?" என்றார். ஏரி உடைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் பிரிக்க வேண்டும் என்று அந்த நாற்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இல்லை, தப்பு. எல்லாருக்கும் தோன்றியிருக்கும். அடுத்தவன் சொல்லட்டும் என்று இருந்தார்கள்.

நானும் அதையேதான் செய்தேன். ஓவர்சீயருக்கு ஆள் அனுப்பினேன், எழுத்து வாங்கிவர. அனுப்பிவிட்டு நின்றேன். ஊர் மிராசுதாருக்காக நின்றது, நான் ஓவர்சீயருக்காக நின்றேன். தண்ணீர் யாருக்காகவும் நிற்கவில்லை. கல்லின் தலைக்கு ஒரு சாண் கீழே இருந்த தண்ணீர் நாலு விரல் கீழே வந்தது. அந்தப் பக்கம் சேரியில் கூரை ஒன்று உட்கார்ந்ததை இங்கிருந்தே பார்த்தோம். யாரோ 'த்சொ' என்றார்கள்.

அப்போது பொன்னம்மாவின் புருஷன் கன்னியப்பன் கரைமேல் வந்தான். கையில் கடப்பாரை. ஊர்க்காரர்கள் கூடியிருக்கும் இடத்துக்குச் சேரிக்காரன் அப்படி நேராக நடந்து வருவது அந்தக் காலத்தில் நடக்காத காரியம். காரியக்காரர் குடையை நீட்டி மறித்தார்.

"எங்கடா வர்றே? தூரப் போ. உன் கை பட்டா கலங்கலே தீட்டு."

கன்னியப்பன் அவரைப் பார்க்கவேயில்லை. என்னைத்தான் பார்த்தான். சர்க்கார் ஆள் நான்தானே.

"லஸ்கர் ஐயா, எறங்கட்டுமா?"

நான் ஆம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு, "சரி, நான் எறங்கறேன். தீட்ட அப்பால கழுவிக்கங்க, தண்ணி நெறய கீது" என்று சொல்லிவிட்டு இறங்கினான். இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள்.

இனி எழுதுவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அடைத்த கலங்கலைப் பிரிக்கும்போது ஓரத்துக் கண்ணில்தான் ஆரம்பிக்க வேண்டும். அங்கே தண்ணீர் ஆழமில்லை, அழுத்தமும் குறைவு. நடுவில் தொட்டால் மொத்த ஏரியும் அந்த ஓட்டைக்கே வரும். இது லஸ்கருக்குத் தெரியும். கன்னியப்பனுக்குத் தெரியாது, அவனைக் கலங்கல் பக்கமே விட்டதில்லையே. அவன் நேராக நடுக் கண்ணுக்குப் போனான். நான் பார்த்தேன். "ஓரத்துல வெட்டு." இரண்டே வார்த்தை. வாய் திறந்தது. நாற்பது பேர் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், காரியக்காரர் பார்ப்பார், அப்போது நான்தான் வெட்டச் சொன்னதாக ஆகிவிடும் என்று அந்த நேரத்திலும் என் மனசு கணக்குப் பார்த்தது. சத்தம் வரவில்லை.

மூன்றாவது குத்தில் மண் மொத்தமாகக் கழன்றது. பக்கத்துக் கல் வேரோடு சாய்ந்து அவன் வலது காலின் மேல் விழுந்தது. தண்ணீர் அவனை இழுக்க, கல் பிடித்துக்கொண்டதால்தான் உயிர் தப்பினான். அப்போதுதான் நாற்பது பேரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். தீட்டு, அடைத்த கை, உத்தரவு எல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. கல்லைத் தூக்க அத்தனை பேரும் அவனைத் தொட்டோம். ஏரி வடிந்தது. பதினெட்டு வீட்டில் ஏழு விழுந்திருந்தன. கன்னியப்பனுடைய காலைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மிராசுதார் மத்தியான ரயிலில் வந்தார். ஓவர்சீயரின் எழுத்து மறுநாள் வந்தது. 'தக்க நடவடிக்கை எடுக்கவும்' என்று இருந்தது.

தை பிறந்த பிறகு ஒரு நாள் சேரிக்குப் போனேன். கன்னியப்பன் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. திட்டவில்லை. அந்தச் சும்மா இருத்தலைத் தாங்க முடியாமல்தான் பலகை விஷயத்தைச் சொன்னேன். மணல் வண்டி, சிலேட்டு, கயிறு, முடிச்சு. வாழ்க்கையில் முதல்முறையாக முழுசாகச் சொன்னது அங்கேதான். கன்னியப்பன் கவனமாகக் கேட்டான். நடுவில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டான், பலகை மிதந்துகொள்ளாதா என்று. அழுத்தம் விடாது என்றேன். பிறகு கேட்டான், "இது எப்ப தோணிச்சி ஐயா?"

எட்டு வருஷம் ஆகிறது என்றேன்.

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பொன்னம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"எட்டு வருசமா தலயில வெச்சிகினு திரியறதுக்கு அது இன்னா பூவா சாமி?"

அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தேன். உள்ளே போகக் கதவைத் தள்ளினேன். கதவு பூவரச மரம், கனமானது. தள்ளிய கையை எடுக்காமல் அப்படியே நின்றேன். மரத்துக்கு எங்கே போவது என்று எட்டு வருஷம் கேட்டுக்கொண்டிருந்தவன், தினமும் இரண்டு வேளை அந்த மரத்தைத்தான் தள்ளித் திறந்துகொண்டு போய் வந்திருக்கிறேன்.

அறுக்கப் போகிறேன் என்று என் மனைவியிடம் சொன்னபோது அவள் நான் ஜுரத்தில் உளறுவதாக நினைத்துக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு விஷயம் புரிந்தது. "கதவு இல்லாங்காட்டி நாய் பூந்துகினு சோத்துப் பானைய உருட்டும். உருட்டட்டும். ராவெல்லாம் நீ பலக பலகன்னு பொலம்பறத கேக்கறதுக்கு இது தேவல. அந்தாண்ட முனைய புடி" என்று ரம்பத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆறு பலகை கிடைத்தது. மிச்சம் மூன்று கண்ணுக்குச் சேரியில் பனம்பலகை செதுக்கிக் கொடுத்தார்கள். கன்னியப்பன் உட்கார்ந்தபடியே செதுக்கினான். சாய்ந்த கல்லை நானும் சேரி ஆட்கள் நாலு பேரும் நிமிர்த்தி நட்டோம்.

அடுத்து வந்த ஐப்பசிக் கடைசியில், மிராசுதார் கற்பூரத்தோடு வருவதற்கு முதல் நாள், ஒன்பது பலகையையும் சாத்திவிட்டேன். விதிப்படி அப்போது அடைக்கக் கூடாது, தெரியும். ஆனால் நான் சாத்தாவிட்டால் மறுநாள் அவர்கள் களிமண் வைப்பார்கள். இரண்டில் எது அடுத்த நிமிஷமே எடுத்துவிடக் கூடியது என்று பார்த்தேன். லஸ்கர் வேலையில் எனக்குத் தெரிந்த நிதானம் இது ஒன்றுதான். நினைத்தவுடன் எடுத்துவிடக் கூடியதைச் செய்ய யாரையும் கேட்க வேண்டாம். எடுக்க முடியாததைச் செய்வதற்கு முன் பத்துப் பேரைக் கேளுங்கள், வாய்க்காலையும் ஒரு நடை நடந்து பாருங்கள். எல்லா உத்தரவையும் மீறு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மறுநாள் மிராசுதார் வந்தார். பின்னால் காரியக்காரர், ஊர். பலகைகளைப் பார்த்தார். யாரைக் கேட்டு வைத்தாய் என்றார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இப்போது சொல்கிறேன், பயம் போன பிறகுதான் காரியம் செய்ய வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், அது போகவே போகாது. பயந்துகொண்டே சொன்னேன்.

"ஆரையும் கேக்கலீங்க. வேணான்னா எடுத்துடலாம். இந்தக் கயித்த இழுங்க, வந்துடும்."

அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். ஊமை பேசியதே என்ற ஆச்சரியமாக இருக்கலாம். கயிற்றை இழுத்தார். பலகை வந்தது, தண்ணீர் பாய்ந்தது. திரும்ப வைத்துக் காட்டு என்றார். வைத்தேன், நின்றது. இரண்டாம் தடவையும் இழுத்தார். மூன்றாம் தடவை இழுக்கும்போது அவர் முகத்தில், வாய்க்காலில் சிலேட்டு வைத்து விளையாடிய என் முகம் தெரிந்தது. மழை அதிகமானால் திறக்கலாம், குறைந்தால் மூடலாம், தன் பயிருக்கு நல்லது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. பலகைக்கே கற்பூரம் காட்டிவிட்டுப் போனார். அவருடைய நல்ல மனசால் ஒப்புக்கொண்டார் என்று நான் எழுத மாட்டேன். லாபம் இருந்தது, ஒப்புக்கொண்டார்.

அனுமதியின்றிக் கலங்கலில் மாற்றம் செய்ததற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன். இரண்டு வருஷம் கழித்து வேறு நாலு ஏரிக்குப் பலகை போட உத்தரவானது. யோசனை ஓவர்சீயருடையது என்று அதில் இருந்ததாகச் சொன்னார்கள். இருக்கட்டும். எட்டு வருஷம் ஒளித்து வைத்தவனுக்கு அதில் கோபப்பட உரிமை கிடையாது.

பலகை சாத்திய அந்த வருஷக் கார்த்திகையிலும் மழை பிடித்தது. முந்திய வருஷத்துக்குக் குறையாத மழை. இரண்டாம் நாள் காலை நான் கலங்கலுக்குப் போனபோது பொன்னம்மாவும், கோல் ஊன்றிக்கொண்டு கன்னியப்பனும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் சிலரும் இருந்தார்கள். இந்தத் தடவை கத்தினேன், என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "ஓரத்துல இருந்து இழு." கன்னியப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான். போன வருஷம் வராத வார்த்தை இதுதான் என்று அவனுக்கு அப்போது தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். வெற்றிலைப் பையை எடுத்து, ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டான்.

பொன்னம்மா முதல் கயிற்றை இழுத்தாள். பிறகு இரண்டாவது, மூன்றாவது. ஒருவரும் தண்ணீரில் இறங்கவில்லை. ஒன்பதாவது பலகை கரைக்கு வந்தபோது கன்னியப்பன் வெற்றிலைச் சாற்றை முதல் தடவை துப்பினான். அவ்வளவு நேரம்தான் ஆனது.

பக்கத்திலிருந்தவர்கள் என் தோளைத் தட்டினார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இவ்வளவுதானா, இவ்வளவுதானா என்று வயிறு எரிந்தது. ஒரு வாய் வெற்றிலை போடும் நேரத்து வேலைக்கு எட்டு வருஷம், ஏழு வீடு, அதோ அந்தக் கால். அந்த எரிச்சல் இன்னும் அணையவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கறுத்த நகத்தைப் பார்த்ததும் மறுபடி மூண்டுகொண்டது. இன்று நகம். நாளைக்கு என்னவென்று உங்களுக்கும் தெரியும்.

ஓவர்சீயர் வரட்டும் என்று இனி ஒரு நாள் இருக்காதீர்கள். சங்கிலி மாட்டினால் கழற்றிவிடலாம். ஐப்பசி மழைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. என் வீட்டில், அடுப்படிச் சுவரில், பழைய மாட்டுச் சங்கிலி ஒன்று ஆணியில் தொங்குகிறது. உங்கள் தண்டுக்கு நீளம் சரியாக இருக்கும், பார்த்துவிட்டேன். நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாருங்கள். வாசலில் கோணிதான். கேட்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.